ஆகாசத்தின் பர்ஸ்

அந்தப் பர்ஸை முதல்முறை பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். கட்டட வேலைக்குப் புதிதாக வந்த வெல்டர் ஒருவர், பாதி தின்ற ரொட்டியைத் தோலில் சுற்றி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் சாப்பிட்டுடுங்கண்ணே, காஞ்சிடப்போகுது" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டார். பர்ஸின் சொந்தக்காரர் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

சொந்தக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்க எல்லோர் தலைக்கும் மேலே இருக்கிறவர் என்பதால் வேலையிடத்தில் அவருக்கு 'ஆகாசம்' என்று பெயர். அதுவே வீட்டிலும் தெருவிலும் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

கேன்டீனில் ஆகாசம் பர்ஸை எடுப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் இடது கையால் மேசையைப் பிடித்துக்கொள்வார். வலது இடுப்பை மெல்ல உயர்த்துவார். துறைமுகத்தை விட்டுக் கப்பல் கிளம்புகிற மாதிரி அது பின்பாக்கெட்டிலிருந்து வெளியே வரும். முதலில் மூக்கு, பிறகு வயிறு, கடைசியில் வால். நடுவில் ஒரு ரப்பர் பேண்ட், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். பல வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து, தோல் அவருடைய பின்புறத்து வளைவை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது. மேசையில் வைத்தால் படுக்காது. தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடிவிட்டுத்தான் நிற்கும். அது நிற்கிறவரை யாரும் டீயைத் தொட மாட்டார்கள்.

"உள்ளே அப்படி என்னதாண்ணே இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள்.

ஆகாசம் சிரிப்பார். "எல்லாம் நமக்கு வேண்டியவங்கப்பா."

வேண்டியவர்கள் என்றால் விசிட்டிங் கார்டுகள். கட்டட நிறுவனத் தலைவர், வங்கி இயக்குநர், பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர், வக்கீல்களில் பெரிய வக்கீல், இன்னும் யார் யாரோ. இத்தனை பெரிய மனிதர்களை இடுப்பில் வைத்திருக்கும் ஒருவர் நம்மோடு உட்கார்ந்து பன் தின்கிறாரே என்ற பிரமிப்பு மேசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போகும். ஒருவனிடம் மட்டும் போகாமல் நின்றுவிடும். அவன் அவருடைய மனைவியின் தம்பி.

தம்பிக்கு அதே கிரேனில்தான் வேலை, ஆனால் தரையில். மேலே இருக்கிறவருக்குச் சுவருக்கு அந்தப்புறம் நடப்பது தெரியாது. கொக்கி எங்கே இறங்குகிறது, பாரம் எதில் இடிக்கப்போகிறது என்று கைச்சைகையாலும் வாக்கி-டாக்கியாலும் சொல்கிறவன் இவன். கையைவிட மற்றதுதான் அதிகம் வேலை செய்ததால் அவனை 'வாய்' என்றார்கள்.

"அத்தான், அவ்வளவு பெரிய மனுஷங்க மேல நாள் முழுக்க உக்காந்திருக்கீங்களே, அவங்களுக்கு மூச்சு முட்டாது?" என்பான் வாய்.

"பொறாமைடா மாப்ள உனக்கு."

"பொறாமைதான். எனக்கு உக்கார ஒரு கவுன்சிலர்கூட இல்ல."

நாம் வியக்க வேண்டியது இன்னொன்று. ஆகாசம் இந்தப் பர்ஸைத் தினமும் மேலே கொண்டுபோனார். கூண்டு மாதிரி கம்பி வளையங்கள் சூழ்ந்த செங்குத்து ஏணி. ஏறி முடிப்பதற்குள் இளவட்டங்களுக்கே நாக்கு தள்ளும். உச்சியில் ஒரு கண்ணாடிக் கேபின், ஒரு நாற்காலி. பார்க்க ஆள் கிடையாது, வாங்கக் கடை கிடையாது. வருகிற காக்காய்க்கும் விசிட்டிங் கார்டு பழக்கமில்லை. அங்கே அத்தனை பெரிய மனிதர்களையும் சுமந்துகொண்டு ஏறுவார், சாயங்காலம் சுமந்துகொண்டு இறங்குவார். மலையேறுகிறவர்கள்கூட வேண்டாததைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள்.

மேலே போனதும் அவருக்கு ஒரே ஒரு குறை. கேபின் இடது பக்கம் சாய்கிறது. தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோடுகூட, யாரோ சரியாக மாட்டாத படம் மாதிரி ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் இறங்கித் தெரிகிறது. மூன்று தடவை எழுதிக்கொடுத்தார். அளவெடுக்கிற குழு ஒன்று முக்காலியும் தொலைநோக்கியுமாக வந்து கிரேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. தூக்குக்குண்டு விட்ட மாதிரி நேராக நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது.

"கருவி பொய் சொல்லும். என் உடம்பு சொல்லாது" என்றார் ஆகாசம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ஊரையே சாய்வாத்தான் கட்டியிருக்கானுங்க" என்றார்.

ஊர் அப்படியே இருந்தது. கால்தான் மாறிற்று. ஏணியில் ஏறும்போது வலது பாதத்தில் எறும்பு ஓடுவது போல் ஒரு குறுகுறுப்பு. பிறகு எறும்பும் போய்விட்டது, பாதமும் போய்விட்டது. பார்த்தால் இருக்கிறது, தொட்டால் தெரியவில்லை. அந்தக் கிரேன் கொஞ்சம் பழைய மாடல். அதன் நீளமான கை சுழலும்போது நிறுத்துவதற்கு வலது காலடியில் ஒரு மிதி உண்டு. ஒரு காலையில் கம்பிக் கட்டு ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, "நிறுத்துங்க" என்றான் வாய். ஆகாசம் மிதித்தார். மிதித்ததாக நினைத்தார். கால் மிதிக்குப் பக்கத்தில், வெறும் தகரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. "அத்தான் நிறுத்துங்க! அத்தான்!" கம்பிக் கட்டு கழிவறைக் கொட்டகையின் கூரையை லேசாகத் தடவிவிட்டு நின்றது. உள்ளே இருந்தவர் வெளியே வந்த கோலத்தைப் பற்றி அந்த வாரம் முழுக்கப் பேசினார்கள்.

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. நல்ல மனிதர், குரலை உயர்த்தாதவர். அதனால்தான் பயமாக இருந்தது.

"மாசக் கடைசியில கண்ணாடிக் கூம்பு ஏறணும். அதுக்குள்ள கால் சரின்னு வைத்தியர் சீட்டு கொண்டாங்க. இல்லேன்னா வெளியாள் வருவாரு. அதுவரைக்கும் நீங்க ஏணியில கால் வைக்கக் கூடாது."

கண்ணாடிக் கூம்பு என்பது அந்தக் கட்டடத்தின் மகுடம். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, தரையிலேயே முழுசாகச் செய்து, போர்வை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அஸ்திவாரக் குழியில் இறங்கிய முதல் கம்பியிலிருந்து நேற்று ஏறிய கடைசி ஜன்னல்வரை, அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு துண்டையும் தூக்கியவர் ஆகாசம். மகுடத்தை மட்டும் வேறொருவர் வந்து வைத்துவிட்டுப் போவதா? அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. அவர் மனைவி ஆர்டருக்குக் கேக் செய்து கொடுப்பவள். மிஞ்சின கேக் துண்டைக்கூட அவர் திரும்பிப் பார்க்காததைக் கண்டதும், விஷயம் பெரிசு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் மனைவி அவரைக் கூட்டிப்போன பிசியோதெரபிப் பெண் சின்னவள். ஆனால் பார்வை பெரிய பார்வை. அவர் பாதத்தில் ஊசி முனையால் தொட்டாள்.

"தெரியுதா?"

"எப்ப தொடுவீங்க?"

"தொட்டாச்சு." அவள் எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். "நேரா உக்காருங்க."

"நேராத்தான் உக்காந்திருக்கேன்."

"உங்க வலது தோள் எங்க இருக்கு, இடது தோள் எங்க இருக்குன்னு உங்க வீட்டம்மாவைக் கேளுங்க. பாக்கெட்ல என்ன வச்சிருக்கீங்க?"

ஆகாசம் பெருமையோடு எழுந்தார். மேசையைப் பிடித்தார், இடுப்பை உயர்த்தினார், கப்பல் கிளம்பிற்று. அவளுடைய மேசையில் அது முன்னும் பின்னும் ஆடி நின்றது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனால் இந்த மௌனம் கேன்டீன் மௌனமாக இல்லை.

"இடுப்புலேர்ந்து காலுக்கு ஒரு நரம்பு போகுதுங்க. அதுக்கு மேல இதை வச்சு, இதுக்கு மேல நீங்க உக்காந்து, எத்தனை வருஷம்? இதைத் தூக்கிப் போட்டுட்டு, சின்னதா, மெல்லிசா ஒண்ணு வாங்குங்க. ரெண்டு மூணு வாரத்துல கால் திரும்பி வரும்."

"உக்காரும்போது மட்டும் வெளியே எடுத்து வச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"இடுப்புல இல்லாத பர்ஸ் அடுத்தவன் பர்ஸ்" என்றார் ஆகாசம். பேச்சு முடிந்தது.

வெளியே வந்ததும் அவர் சொன்னது இது: "அந்தப் பொண்ணுக்குப் படிப்பு இருக்கு. ஆனா கிரேன் தெரியாது."

கிரேன் தெரிந்தவர் தானே வைத்தியம் கண்டுபிடித்தார். டவர் கிரேனின் முன்கை பாரத்தைத் தூக்கும். அது முன்னால் சாயாமல் இருக்கப் பின்கையில் கான்கிரீட் கட்டிகளை மாட்டி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் பாரம் இருந்தால் யாராவது பாரத்தைக் குறைப்பார்களா? மறுபக்கம் எதிர்ப்பாரம் வைப்பார்கள். இது தெரியாமல் ஒரு வைத்தியம்!

அன்று மாலை மனைவி கேக் மாவு நிறுக்கும் தராசில் பர்ஸை வைத்தார். அது அரைக் கிலோவுக்கு இரண்டு முட்டை குறைவு. அவரைக் கால் குணமாகிறவரை ஸ்டோரில் உட்கார்ந்து கையுறை எடுத்துக்கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அங்கே இரும்பு வாஷருக்குப் பஞ்சமா? அண்ணன் தம்பி போல இன்னொரு தடித்த பர்ஸை வாங்கி, வாஷரும் பழைய செய்தித்தாளுமாகத் திணித்து, தராசில் இரண்டும் மயிரிழை தப்பாமல் நிற்கிறவரை ஏற்றி இறக்கி, இடது பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"என் தராசுல நாளைக்கு ஒரு கல்யாணக் கேக்குக்கு மாவு நிறுக்கணும்" என்றாள் மனைவி. "அதுல நீங்க மேல உக்கார்ற சாமானை எல்லாம் நிறுத்தா, வாங்கறவங்களுக்குத் தெரியவா போகுதுன்னு நினைப்பா?"

அவர் காதில் விழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன சமநிலை! வலதும் இடதும் தோளோடு தோள். உயரமும் இரண்டு விரற்கடை கூடிவிட்டது. மறுநாள் ஸ்டோருக்கு வந்தவர்கள், அவர் இருந்த இருப்பைப் பார்த்து வாசலிலேயே ஒரு நிமிஷம் நின்றுதான் உள்ளே வந்தார்கள்.

மூன்றாம் நாள் ஃபோர்மேன் ஸ்டோருக்கு வந்தார். மரியாதைக்கு எழ வேண்டும் என்று ஆகாசம் நினைத்தார். மேல்பாதி எழுந்தது. கீழ்ப்பாதிக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, பாதி வணக்கத்தில் அப்படியே நின்றார்.

"என்ன, கால் எப்படி இருக்கு?" என்றார் ஃபோர்மேன்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்க" என்றார் ஆகாசம். பொய் சொல்லவில்லை.

வாய்தான் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தான். வாசலில் அக்காவைக் கண்டதும், "அக்கா, ஒரு கால் போனவரைக் கொண்டாந்திருக்கேன்னு சொல்லலாம்னா, அதுவும் முடியல" என்றான்.

அவள் ஏப்ரனைக் கழற்றினாள். "கிளம்புங்க. கடைக்கு."

*

தோல் பொருள் கடையில் விளக்குகள் பொருள்களின் மேல் மட்டும் விழுந்தன. வாங்க வந்தவர்கள் இருட்டில் நின்றார்கள். விற்பனையாளர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். வெல்வெட் தட்டொன்றை, தூங்குகிற குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார்.

"சார் பர்ஸ் பார்க்க வந்திருக்கீங்களா, வாழ்க்கையை மாத்த வந்திருக்கீங்களா?"

"பர்ஸ் போதுங்க" என்றான் வாய். "வாழ்க்கையை அக்கா பார்த்துக்குவா."

விற்பனையாளர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்று விமானத்தில் போடுகிற உலோகமாம். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத கதிர்களால் யாரும் கார்டைத் திருட முடியாதபடி தடுக்குமாம். மற்றொன்றில் ஒரு நெம்புகோல். அழுத்தினால் கார்டுகள் படிக்கட்டு மாதிரி அழகாக மேலே வரும் என்றார். நெம்புகோல் என்றதும் ஆகாசத்தின் கை தானாகப் போயிற்று. கிரேன் ஓட்டும் கை. கார்டுகள் படிக்கட்டாக வரவில்லை. புறாக்கூட்டமாக எழும்பி, நாலு அலமாரிக்கு அடியில் போய் இறங்கின. கையுறையோடு தரையில் தவழ்ந்து அவற்றைப் பொறுக்கினார் விற்பனையாளர்.

ஒரு விஷயத்தை மனைவி கவனித்தாள். பர்ஸ் மெலிய மெலிய விலை ஏறிக்கொண்டே போனது. கடைசியாக அவர் எடுத்துக்காட்டியதில் தோலே இல்லை, தகடும் இல்லை. இரண்டு எலாஸ்டிக் பட்டை. அதுதான் எல்லாவற்றிலும் அதிகம்.

"அப்ப ஒண்ணுமே இல்லாதது எவ்வளவுங்க?" என்றான் வாய்.

"அது அடுத்த மாசம் வருது சார்" என்றார் விற்பனையாளர், முகம் மாறாமல்.

ஆகாசம் ஒரு நாற்காலி கேட்டார். கடை நடுவில் போடச் சொன்னார். பொருளை உட்கார்ந்து பார்க்காமல் எப்படி வாங்குவது? விமான உலோகத்தைப் பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தார். எதிரே, ஆறடி தள்ளி, வாய் கால்களை அகட்டி நின்றுகொண்டான். கண்களைச் சுருக்கி அவருடைய இரு தோள்களையும் பார்த்தான். இடது கையை நீட்டி உள்ளங்கையைக் கீழ்நோக்கித் தாழ்த்தினான். இறக்கு. ஆகாசம் அதை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்ததை வைத்தார். வாய் கட்டைவிரலை ஒரு பக்கம் சாய்த்தான். இன்னும் வலது தூக்கல். அடுத்தது. கடையிலிருந்த மற்றவர்கள் தங்கள் பைகளையும் பெல்ட்டுகளையும் வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். அங்கே இல்லாத ஏதோ ஒரு பெரும் பாரம், எல்லோர் தலைக்கும் மேலே, மெதுவாக இறங்கிக்கொண்டிருப்பது போல ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்தது.

எலாஸ்டிக் பட்டைக்கும் வாய் இல்லையென்று தலையை ஆட்டினான். கார்டுகள் ஒரே இடத்தில் குவிந்து முட்டின.

"வேற?" என்றார் ஆகாசம்.

விற்பனையாளர் கீழ்த்தட்டைப் பார்க்கக் குனிந்தார். அவருடைய கோட்டு மேலே ஏறிற்று. பின்பாக்கெட்டில் அவருக்கும் ஒன்று இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டது.

"தம்பி, அது?" என்றாள் மனைவி.

அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது கடைச் சாவி மேடம்."

கீழ்த்தட்டில் பெட்டி இல்லாமல் சில கிடந்தன. பெட்டி இல்லாததால் அவற்றுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. அதில் பழுப்பு நிறத்தில் ஒன்றை ஆகாசம் எடுத்தார். ஒரே தோல், ஒரு மடிப்பு. மூன்று கார்டு அறைகள், நோட்டு வைக்க ஒரு பிளவு. அவ்வளவுதான். ஓரத் தையல் எறும்பு வரிசை மாதிரி போயிற்று. விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மெல்லிசு.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற நேரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இத்தனை வருஷம் அவர் வீடுகளையும் படிகளையும் தொட்டிகளையும் தூக்கியது எதில்? ஒரு கம்பிக் கயிற்றில். அதன் தடிமன் அவருடைய கட்டைவிரல். கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பாரம் சும்மா மிதக்கிற மாதிரி இருக்கும். தடிமனைப் பார்த்து அவர் ஒருநாளும் கயிற்றை மதித்ததில்லை.

பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தார். வாய் பார்த்தான். ஒரு அடி வலப்பக்கம் நகர்ந்து பார்த்தான். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை மடக்கி, முஷ்டியைப் பிடித்துக் காட்டினான். நிறுத்து. சரியாக உட்கார்ந்துவிட்டது.

யாரோ ஒருவர் கைதட்டினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

*

வாங்கிவிடலாம், மூன்று அறைக்குள் குடியேற வேண்டுமே. சாப்பாட்டு மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஆகாசம் பழைய பர்ஸின் ரப்பர் பேண்டை எடுத்தார். அது பெருமூச்சு விட்டது போல் விரிந்தது. கார்டுகள் மேசை முழுதும் பரவின. தங்க எழுத்து, வெள்ளி எழுத்து, தடவினால் புடைத்துத் தெரிகிற எழுத்து.

கிரேன் ஓட்டும் உரிமச் சீட்டு முதல் அறைக்குப் போயிற்று. வங்கிக் கார்டு இரண்டாவதில். மூன்றாவது அறை ஒன்றுதான். வெளியே நிற்கிற பெரிய மனிதர்கள் ஒரு கூட்டம்.

"ஒருத்தரை எடுத்துக்குங்க" என்றாள் மனைவி. ஒரு கார்டைத் தூக்கினாள். "வங்கி இயக்குநர். இவருக்கு உங்களைத் தெரியுமா?"

"எனக்கு அவரைத் தெரியும்."

"எப்படி?"

"வந்திருந்தாரே ஒரு தடவை. நான் மேலேர்ந்து பார்த்திருக்கேன்."

அவள் அடுத்ததை எடுத்தாள். "தலைமை மருத்துவர்?"

"மேலேர்ந்துதான்."

"வக்கீல்?"

"நடு மண்டையில வழுக்கை. போட்டோவுல மறைச்சிடுவாரு. எங்கிட்ட மறைக்க முடியுமா?"

"கட்டட நிறுவனத் தலைவர்?"

"அவரு அடிக்கடி வருவாரு. வெள்ளை ஹெல்மெட்." ஆகாசத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது. "வர்றவங்க ஆபீஸ் மேசையில கார்டை வச்சிட்டுப் போவாங்க. யாரும் எடுக்க மாட்டாங்க. நான் எடுத்து வச்சுக்குவேன்."

வாய் பகடிக்கு வாயைத் திறந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான். அவன் பெயருக்கு அது பெரிய காரியம்.

"மேலேர்ந்து பார்த்தா இவங்க எல்லாம் எவ்வளவு பெருசா தெரிவாங்க?" என்று கேட்டாள் மனைவி. கேலி இல்லை, அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. அவள் அந்த ஏணியில் ஏறியதில்லை.

ஆகாசம் கட்டைவிரல் நகத்தைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்ட ஆரம்பித்தார். பிறகு அதுவும் அதிகம் என்று பட்டது. மேசையில் கேக்குக்குத் தூவுகிற சர்க்கரை மணி ஒன்று கிடந்தது. அதை விரல் நுனியில் ஒட்டி எடுத்துக் காட்டினார். அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் சர்க்கரை மணிகளாகப் பார்த்தவர்களைச் சாயங்காலம் மலையாகச் சுமந்திருக்கிறோம் என்பது, சொல்லிப்பார்த்தால், ஒரு ஆச்சரியம்தான்.

"எல்லார் கார்டும் இருக்கு" என்றான் வாய், கார்டுகளைக் கிளறிக்கொண்டே. "அக்கா கார்டு எங்க அத்தான்?"

மனைவி கேக் வியாபாரத்துக்குப் போன வருஷம் விசிட்டிங் கார்டு அடித்திருந்தாள். ஓரத்தில் ஒரு மெழுகுவத்தி படம். அச்சகத்திலிருந்து வந்ததும் முதல் கார்டை அவரிடம்தான் கொடுத்தாள்.

ஆகாசம் சர்க்கரை மணியைத் திரும்ப மேசையில் வைத்தார். அவள் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது அறை காலியாகவே இருந்தது. வாய் கார்டுகளைக் கட்டாகக் கட்டி, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்தான். மேசை நின்றது. வக்கீலுக்கும் வங்கி இயக்குநருக்கும் அந்த வீட்டில் முதல் முறையாக ஒரு வேலை கிடைத்தது.

*

கால் ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் எறும்பு திரும்பி வந்தது. ஆகாசம் எறும்பை உறவுக்காரனைப் போல வரவேற்றார். பிறகு கட்டைவிரல், பிறகு உள்ளங்காலின் ஓரம். மாசக் கடைசிக்கு முந்தைய நாள் பிசியோதெரபிப் பெண் ஊசியால் தொட்டாள். "ஐயோ" என்று கத்தினார். அவள் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினாள்.

மறுநாள் காலை அவர் ஏணியில் ஏறினார். வலது கால் ஒவ்வொரு படியையும் தானே கண்டுபிடித்து வைத்தது. கேபின் கதவைத் திறந்து, நாற்காலியில் உட்கார்ந்து, நிமிர்ந்தார்.

அடிவானம் நேராக இருந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்பது போல, தண்ணீரும் வானமும் ஒரே கோட்டில் கிடந்தன. யாரும் எதையும் இடித்துக் கட்டவில்லை. இத்தனை தெரு, இத்தனை கூரை, இத்தனை தண்ணீர்த் தொட்டி, ஒன்றும் சாயவில்லை. சாய்ந்திருந்ததும் இல்லை. இந்த நேரான உலகத்தைப் பற்றி அவர் மூன்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். அளவெடுக்க வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றி, உடனே மறைந்தது. அவர் ஆகாசம்தானே.

கையை நீட்டி ஜன்னல் சட்டத்தின் இடுக்கிலிருந்து ஒரு அட்டையை இழுத்தார். காற்றடித்தால் அந்த ஜன்னல் கடகடவென்று ஆடும். போன வருஷம் அதை நிறுத்த, கையில் கிடைத்த நல்ல தடித்த அட்டை ஒன்றை மடித்துச் செருகியிருந்தார். மடிப்பில் எழுத்து உரிந்திருந்தது. மெழுகுவத்தி படம் மட்டும் தெளிவாக இருந்தது. தொடையில் வைத்து நீவினார். புதுப் பர்ஸின் மூன்றாவது அறையில் வைத்தார். சரியாகப் பொருந்திற்று.

ஜன்னல் ஆட ஆரம்பித்தது.

கீழே நிறுவனத் தலைவர் வந்திருந்தார். மேடை, ஒலிபெருக்கி, புது ஹெல்மெட். 'நான் கட்டிய இந்தக் கட்டடம்' என்பது காற்றில் துண்டுதுண்டாக மேலே வந்தது. பிறகு கொக்கி இறங்கியது, கூம்பு எழுந்தது. கண்ணாடியில் வெயில் பட்டு ஒரு சின்னச் சூரியன் கட்டைவிரல் தடிமன் கயிற்றில் ஏறி வந்தது. கட்டடத்தின் வேலையாட்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றார்கள். மேடையில் பேசியவரும் பேச்சை மறந்து அண்ணாந்தார்.

"வலது, வலது, இன்னும் வலது" என்றான் வாய். "நிறுத்துங்க."

காலணியின் அடித்தோல் வழியாக மிதியின் ஒவ்வொரு வரியும் ஆகாசத்துக்குத் தெரிந்தது. அழுத்தினார். சுழன்று வந்த கை, தூங்குகிற பிள்ளை புரண்டு படுத்து நிற்பது போல நின்றது. கூம்பு இறங்கி, தன் இடத்தில், ஒரு சத்தம்கூட இல்லாமல் உட்கார்ந்தது.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

"அத்தான்."

"சொல்லுடா."

"நகை மாதிரி வச்சிட்டீங்க அத்தான். அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம், தலைவர் எல்லாருக்கும் கார்டு குடுத்தாரு. புதுசு, தங்க ஓரம். உங்களுக்குன்னு ஒண்ணு தனியா வாங்கி வச்சிருக்கேன். கொக்கியில கட்டி விடவா?"

ஆகாசம் கீழே பார்த்தார். வெள்ளை ஹெல்மெட் ஒரு சர்க்கரை மணியாக மின்னிற்று. வேலிக்கு அந்தப்பக்கமும் ஒரு மணி நின்றது. தூரமென்றால் எல்லோரும் ஒரே அளவுதான். ஆனாலும் எந்த மணி யார் என்று அவருக்குத் தெரிந்தது.

"இடமில்லடா மாப்ள."

"என்னது?"

"பர்ஸ் நிறைஞ்சிடுச்சு."

"மூணாவது காலியாத்தானே கிடந்தது? அத்தான், அது என்ன அங்க, கடகடன்னு சத்தம்?"

"ஜன்னல்டா," என்றார் ஆகாசம். "ஆடட்டும்."